கேளுங்கள் டீச்சரை: கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கலாமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப்? இந்த முறை கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் அந்தப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் சார்பாகத்தான் பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பில் 452 மார்க். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் அப்பாவோ, "பயோ மேத்ஸ் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் இரண்டு பக்கமும் போகலாம்" என்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட் கிடைக்காதா டீச்சர்?
– வாசகி, அருப்புக்கோட்டை

தாராளமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணக்குப் பாடத்தின் 100 அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஆளுக்கு 50. அவ்வளவுதான். உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதிலிருந்து ஒரு மார்க்கூட அந்த 200-க்குள் நுழையாது. பயாலஜிக்கும் அதே கதிதான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டைத் தீர்மானிப்பது கணக்கு வாத்தியார், நான் இல்லை.

சேர்ந்த பிறகு பின்தங்கிவிடுவாளோ என்றும் பயப்பட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழி ஒரு பாடமாக இருந்தது. சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லாப் பிரிவுக்கும் இருந்தது. ஒன்றுமே தெரியாதவர்களுக்கு என்று நினைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். ப்ளஸ் டூவில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் சில மாதம் சுகமாக இருக்கும். அடுத்த செமஸ்டரில் எல்லாரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது அவள் அப்பா சொல்வது. பயாலஜி படிக்காமல் நீட் பக்கம் போக முடியாது, கால்நடை மருத்துவம் பக்கமும் போக முடியாது. பைத்தானைப் பிற்பாடு எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். விட்டுப்போன பயாலஜியை அப்படிப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே டாக்டர் ஆசை அந்தப் பிள்ளைக்குத் துளியாவது இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஆசை வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். "இரண்டு பக்கமும் போகலாம்" என்று பயோ மேத்ஸில் சேர்ந்து, நீட் புத்தகத்தைப் பிரிக்காமலே வைத்திருந்து, கடைசியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் போய் உட்கார்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு வருடம் படம் வரைந்ததுதான் மிச்சம். அந்த நேரம் கணக்குக்குப் போயிருந்தால் கட்-ஆஃப் ஏறியிருக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவானால் ஒரு காரியம் செய்யுங்கள். அட்மிஷன் போடும் அன்றைக்கே லேப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை ஏசி என்று பார்க்க வேண்டாம். கம்ப்யூட்டர்கள் மேல் போர்த்திய உறையில் தூசி எவ்வளவு என்று பாருங்கள். பாடத்துக்கு நிரந்தரமாக ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை பீரியடு லேப் என்றும் கேளுங்கள். "பிராக்டிகலுக்கு முன்னாடி ஜனவரியில் கூட்டிட்டுப் போவோம்" என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியில் இந்த குரூப் வேண்டாம்.

காமர்ஸ் குரூப்பில் "கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒன்றுதானா?
– மாணவி, கும்பகோணம்

இல்லை பாப்பா. மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தக் குடும்பத்தில் மூன்று பாடம் உண்டு. சயின்ஸ் குரூப்புக்குக் கணினி அறிவியல், காமர்ஸ் மற்றும் கலைப் பிரிவுக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விக்குக் கணினித் தொழில்நுட்பம். உன் பாடத்தில் பதினொன்றாம் வகுப்பில் ஓபன் ஆபீஸ், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் வரும். பன்னிரண்டில் பேஜ்மேக்கர், பிஎச்பி, நெட்வொர்க், மின்வணிகம் எல்லாம் வரும். வெப்சைட் செய்ய ஆசை இருந்தால் உன் பாடம்தான் சுவாரஸ்யம் என்பேன். பிசிஏ சேர்க்கைக்குக் கல்லூரிக்குக் கல்லூரி நிபந்தனை மாறும்; விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுவிடு.

ப்ளஸ் ஒன்னில் முதல் பாடங்களிலேயே பைனரி, ஆக்டல், ஹெக்ஸாடெசிமல் என்று கணக்காகப் போட வைக்கிறார்கள். கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளும்போது நான் ஏன் 13-ஐ 1101 என்று மாற்ற வேண்டும்? ப்ரோக்ராம் எழுதத்தானே வந்தேன்?
– மாணவன், பெரம்பலூர்

நியாயமான கேள்வி தம்பி. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை, ஒரு வேலை கொடுப்பேன். உனக்கும் அதையே கொடுக்கிறேன்.

பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று அடி. 0.3 வரும் என்றுதானே நினைப்பாய்? வராது. 0.30000000000000004 என்று வரும். என் வகுப்பில் இதை முதலில் பார்ப்பவர்கள் "மிஸ், சிஸ்டம் ரிப்பேர்" என்பார்கள். பக்கத்து சிஸ்டத்தில் அடிக்கச் சொன்னால் அங்கேயும் அதே விடை வரும்.

ரிப்பேர் ஒன்றும் இல்லை. நம் கணக்கில் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா? 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் பைனரியில் 0.1 அந்த மாதிரி முடியாத எண். 0.0001100110011 என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரிடம் இருப்பதோ குறிப்பிட்ட அளவு இடம். ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டியதில் வந்த துளி வித்தியாசம்தான் கடைசியில் நிற்கும் அந்த 4. இது தெரியாத ஆள் பில் போடும் ப்ரோக்ராம் எழுதினால், இரண்டு தொகையும் சமமா என்று சோதிக்கும் இடத்தில் சமமில்லை என்று பதில் வரும். அவர் ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெரிந்தவர் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் கணக்கு வைப்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் புத்தகத்தில், சி பிளஸ் பிளஸ் மொழியை ஓட்டும் மென்பொருள்களில் டர்போ சி பிளஸ் பிளஸ்ஸில் முழு எண்ணுக்கு 2 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), டெவ் சி பிளஸ் பிளஸ்ஸில் 4 பைட் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதை ஒரு மார்க் கேள்வி என்று மட்டும் நினைக்காதே. 2 பைட்டில் 32767-தான் உச்சம். அதில் 1 கூட்டினால் 32768 வராது, மைனஸ் 32768-இல் போய் நிற்கும். ஏன் மைனஸ் என்பதற்கு விடை, 2-இன் நிரப்பி (மைனஸ் எண்ணைப் பைனரியில் எழுதும் முறை) என்று இப்போது எரிச்சலோடு போட்டுக்கொண்டிருக்கிறாயே, அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. போய் 16 பிட்டில் எழுதிப் பார்.

மிஸ், நான் ப்ளஸ் டூ. ப்ரோக்ராம் எல்லாம் மனப்பாடமாக எழுதிவிடுவேன், டெஸ்ட்டில் ஃபுல் மார்க். ஆனால் லேப்பில் எரர் வந்தால் கை நடுங்குகிறது. சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்கிறேன். பிராக்டிகலில் என்ன செய்வது?
– மாணவி, தேனி

உன் பயம் உன் தப்பில்லை கண்ணு. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அடி, அவுட்புட் வந்ததும் எழுதிக்கொள், மூடி வை என்றுதான் பல இடங்களில் லேப் நடக்கிறது. எரர் வந்தால் சார் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். எரரோடு தனியாக இருந்து பழகினால்தானே பயம் போகும்?

முதலில் அந்தச் சிவப்பு எழுத்தைக் கீழிருந்து மேலே படி. கடைசி வரியில்தான் என்ன தப்பு என்று இருக்கும், அதற்கு மேல் எந்த வரியில் என்று இருக்கும். மேலே இருக்கிற மற்றதை இப்போதைக்கு விட்டுவிடு. ப்ளஸ் டூ அளவில் வரும் எரர்கள் ஒரு கைப்பிடிதான். ஸ்பேஸ் சரியாக விடாதது. வரி முடிவில் முக்காற்புள்ளியை (:) மறந்தது. நிபந்தனையில் இரட்டைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒற்றை போட்டது. மாறியின் (வேரியபிள்) பெயரை ஓரிடத்தில் சின்ன எழுத்திலும் இன்னோரிடத்தில் பெரிய எழுத்திலும் அடித்தது. இவற்றை நீயே வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் செய்து பார். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கும் சின்ன ப்ரோக்ராமை எடுத்து, முக்காற்புள்ளியை அழித்துவிட்டு ஓட்டு. என்ன திட்டுகிறது என்று நோட்டில் எழுது. அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த தப்பைச் செய். ஒரு பீரியடு போதும், நடுக்கம் போய்விடும்.

எரரே வராமல் தப்பு விடை வருவது இதைவிட மோசம். இரண்டு எண்ணைக் கூட்டச் சொல்லி ஒரு ப்ரோக்ராம். 5 கொடுக்கிறாய், 7 கொடுக்கிறாய், விடை 57 என்று வருகிறது. பைத்தான் உன் மேல் கோபப்படவே இல்லை, சாதுவாக 57 என்கிறது. இன்புட் மூலம் வாங்குவது எல்லாமே அதற்கு எழுத்துச் சரம்தான். இரண்டு சரத்தை நடுவில் பிளஸ் போட்டால் ஒட்டிவிடும். இன்ட் என்று எழுதி அதன் அடைப்புக்குள் போட்டு எண்ணாக மாற்றினால்தான் 12. இதை மனப்பாடம் செய்தவளுக்கு, அந்த இன்ட் ஏன் இருக்கிறது என்று கடைசி வரை தெரியாது. ஒரு தடவை 57-ஐப் பார்த்தவளுக்கு மறக்கவே மறக்காது.

என் லேப்பில் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் என்றுதான் பல வருடம் ஓடியது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி கையில் கீபோர்டு போய்விடும், மற்ற இருவர் வேடிக்கை. அதனால் ஒரு சட்டம் போட்டேன்: கீபோர்டு வைத்திருப்பவள் சுயமாக எதையும் அடிக்கக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும்தான் அடிக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பொறுக்காது, "இல்லடி, அது தப்புடி" என்று துடிப்பாள். அப்போது அவள் கையை எடுத்துவிட்டு வாயால் விளக்க வேண்டும். உன் தோழியோடு இதைச் செய்து பார். பிராக்டிகல் 20 மார்க்தான், அகமதிப்பீடு 10. மீதி 70 எழுத்துத் தேர்வு. அந்த 70-இலும் ப்ரோக்ராமைக் கொடுத்து "வெளியீடு என்ன" என்று கேட்பதற்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

பையனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கடன் வாங்கியாவது லேப்டாப் வாங்க வேண்டுமா? முன்பு அரசாங்கமே பள்ளியில் கொடுத்தார்களே?
– வாசகர், திருவண்ணாமலை

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். இப்போது ப்ளஸ் டூவுக்கு அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். கடனும் வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் பாடத்துக்கு ஆண்ட்ராய்டு போனே போதும். பைட்ராய்டு என்று ஓர் ஆப் இருக்கிறது, இணையம் இல்லாமலும் ஓடும். இணையம் இருந்தால், பைத்தான் ஓட்டிப் பார்க்கும் கூகுள் கோலாபை போன் பிரவுசரிலேயே திறக்கலாம். டேட்டாபேஸ் பாடத்துக்குத் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பைத்தானோடு எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் கூடவே வருகிறது, புத்தகத்திலும் அதை வைத்துத்தான் ஒரு பாடம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸை மட்டும் பள்ளி லேப்பில் செய்யட்டும். போனில் அடிப்பது விரலுக்கு வேதனைதான்; பழைய யுஎஸ்பி கீபோர்டு ஒன்றும், அதைப் போனில் செருக ஓடிஜி கேபிளும் வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். பின்னால் கையில் காசு வந்தால் பழைய லேப்டாப் ஒன்று பார்க்கலாம். இந்தப் பாடத்துக்கு 4 ஜிபி ராம் தாராளம். "கேமிங் லேப்டாப் இருந்தால்தான் கோடிங் வரும்" என்று பையன் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி கேட்ட ப்ரோக்ராமை நொடியில் எழுதித் தருகிறது. இனி இந்தப் பாடமே வீண் என்கிறார் என் மைத்துனர். ஐடி கம்பெனியில் இருப்பவர், அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?
– வாசகர், ஓசூர்

உங்கள் மைத்துனருக்கு வீட்டில் மரியாதை அதிகம் போலிருக்கிறது, நான் குறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம். பகா எண்ணா என்று பார்க்கும் ப்ரோக்ராம் ப்ளஸ் டூவில் எல்லாரும் எழுதுவார்கள். 2-லிருந்து தொடங்கி, கொடுத்த எண்ணுக்கு முந்தைய எண் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார். எதனாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் பகா எண் என்று சொல். 7, 9, 11 கொடுத்தால் சரியாகச் சொல்லும். 1 கொடுங்கள். பகா எண் என்று சொல்லும். 2-இல் ஆரம்பிக்கும் மடக்கு (லூப்) 1-க்கு ஒரு சுற்றுகூடச் சுற்றாது; யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, ஆகவே வகுபடவில்லை. 1 பகா எண் இல்லை என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. எழுதியது மாணவியா மெஷினா என்பது இங்கே முக்கியமில்லை. 1-ஐக் கொடுத்துப் பார்க்கத் தோன்றுகிற ஆள் ஒருவர் வேண்டும்.

ஐடி வேலை எப்படி மாறும் என்று மைத்துனரிடமே கேளுங்கள், அது அவர் துறை. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைச் சொல்லி, செய்து, தப்பென்று கண்டு, திருத்துவதைப் பள்ளிக்கூடத்தில் வேறெந்தப் பாடமும் இவ்வளவு சீக்கிரம் செய்ய விடாது. வேதியியல் லேப்பில் உப்புப் பகுப்பாய்வு தப்பானால் மறுபடி செய்ய அடுத்த வாரம் ஆகும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கஷ்டமா?
– வாசகி, உசிலம்பட்டி

பாடம் கஷ்டமில்லை, இரட்டைச் சுமை உண்டு. புத்தகத்தில் செயற்கூறு, மாறி, மடக்கு, இனக்குழு, பல்லுருவாக்கம் என்று படிப்பார்கள். லேப்பில் திரையில் எல்லாம் ஆங்கிலம். என் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் பங்ஷன், வேரியபிள், லூப், கிளாஸ் என்பதையும் எதிரெதிரே எழுதி வைத்திருப்பார்கள். அது தினமும் வளரும். கல்லூரிக்குப் போகும்போது அந்த ஒரு பக்கம் கூடப் போனால் போதும். என்னிடம் தமிழில் படித்தவர்கள்தான் "ஏன்" என்று அதிகம் கேட்டார்கள். சொன்னேனே, சார்பாகத்தான் பேசுவேன்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உதவுமா?
– மாணவன், திண்டிவனம்

திரையைப் பார்த்தபடியே அடிக்க வரும், அதுவே பெரிய உதவி. குரூப் 4-இல் தட்டச்சர் வேலைக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். லீவில் போய்ச் சேர்.

நான் ப்ளஸ் டூ படித்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது, 75 கேள்வி ஒரு மார்க். படிக்காமலே பாஸாகலாம். இப்போது என் தங்கை மகன் ப்ளஸ் ஒன். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் இல்லையாம். இந்த ஒரு வருடம் லேசாக விடலாம் என்கிறான். விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

150 மார்க் எழுத்துத் தேர்வில் 75 சரியான விடையைத் தேர்ந்தெடு! அதெல்லாம் 2018 மார்ச்சோடு முடிந்தது. இப்போது 70 மார்க் தாளில் ஒரு மார்க் 15 கேள்விதான். மற்றது இரண்டு மார்க், மூன்று மார்க், ஐந்து மார்க் என்று எழுதியாக வேண்டும். ஸ்டார் ஆபீஸும் போய்விட்டது. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான்.

பொதுத்தேர்வு விஷயம் உண்மைதான். 2017-18-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அந்த அறிவிப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது, நல்லதுதான்.

ஆனால் மருமகனிடம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து 14-ஆம் பாடத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ப்ரோக்ராமைப் பைத்தானிலிருந்து எடுத்து ஓட்டுவதுதான் அந்தப் பாடம். பத்தாவது பாடம் இனக்குழுவும் பொருளும். அதையும் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு முறை பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் வேகமாகப் போகிறது. இந்த வருடம் தேர்வுக்குப் படிக்காவிட்டால் பரவாயில்லை. வாரம் இரண்டு ப்ரோக்ராம் தானே யோசித்து அடித்து, ஓடினதா என்று உங்களுக்கு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில் மறுபடி கடிதம் எழுதுங்கள், 14-ஆம் பாடம் எங்கே முட்டுகிறது என்று பார்ப்போம்.